அண்ணனுக்க பேரு

புனே
9 ஜூன் 2024

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

ஜெனிலா எழுதுகிறேன். கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்குத்தான் முட்டுவலி விடவில்லை, ரத்தக்கொதிப்புக்கு மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? நேரத்துக்குக் கஞ்சி குடிக்கிறீர்களா?

போனில் கூப்பிட்டால் நீங்கள் "ஆ, ஆ, சரி" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். ஒன்றும் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். சிவதாணு மாமா காதோரம் சத்தமாக வாசித்தால் கேட்கும் என்று சொன்னீர்களே, அதனால்தான் தபால்.

டிசம்பர் பதினைந்தில் அப்பா போய் ஒரு வருடம் ஆகிறது. அன்று நம் சபையில் நினைவு ஆராதனை, கல்லறையில் கல்லும் வைக்க வேண்டும். ஆராதனையில் வாசிக்க வாழ்க்கைக் குறிப்பு நான்தான் எழுத வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். நம் சபையில் அந்தக் குறிப்பு எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கும், பேரை மட்டும் மாற்றி வாசிப்பார்கள். அப்பாவுக்கு அப்படி வேண்டாம். என்னிடம் சர்டிபிகேட்டில் உள்ளதுதான் இருக்கிறது. பெயர் இஸ்ரவேல், பிறந்தது 12.2.1942, பொதுப்பணித்துறை எஞ்சினியர், ரிட்டயர்டு ஆன பிறகு பாலிடெக்னிக்கில் ஆசிரியர். சின்ன வயதில் அவர் எப்படி இருந்தார் என்று சொல்ல உங்களை விட்டால் ஆள் இல்லை. சொல்லுங்கள் பெரியப்பா.

அன்பு மகள்
ஜெனிலா


திருவட்டாறு
24 ஜூன் 2024

மக்களே ஜெனிலாவுக்கு,

பெரியப்பா சொல்லச் சொல்ல சிவதாணு எழுதுகிறான். நான் இருக்கிறேன். காது போனதைத் தவிர கேடு ஒன்றும் இல்லை. உனக்க அம்மா தங்கபாயிடம் முட்டில் சூடு வைக்கச் சொல். உங்கள் வீட்டை ஞாயிறுதோறும் திறந்து தூத்துப் பெருக்கி, சன்னலெல்லாம் திறந்துவிட்டு, சாயங்காலம் பூட்டுகிறேன். மேல்மாடிக்கு ஏற எனக்கு ஆவதில்லை, அது பொடி பிடித்துக் கிடக்கும், மன்னித்துக்கொள்.

சிவதாணு நாற்பது வருடம் பத்திரம் எழுதினவன் அல்லவா, உனக்க அப்பனை "மேற்படியார்" என்று எழுதினான். அடி அதை, அவன் எனக்க தம்பி என்றேன். அடித்துவிட்டான்.

அப்பா பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது நீ பார்த்ததில்லை, நீ அப்போது வெளியூரில் படித்தாய். நான் பார்த்தேன். பாலிடெக்னிக் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி நம்ம கால்வாய்க் கரைக்குக் கூட்டிவருவான். பூவரச இலை ஒன்றைத் தண்ணீரில் போட்டு, அது போகிற வேகத்துக்குக் கரையில் நடங்கடா என்பான். பிள்ளைகள் ஓடுவார்கள். ஓடாதே, இலை ஓடவில்லை பார், என்பான். நடந்து முடித்த பிறகுதான் கணக்கு. ஒரு பையன், சார், மெஷின் இல்லியா என்று கேட்டான். இருக்கு, அது கேடானா நீ வீட்டுக்குப் போயிருவியா என்று இவன் கேட்டான். அந்தப் பையன் இப்போது மார்த்தாண்டத்தில் பெரிய காண்ட்ராக்டர். போன ஈஸ்டருக்குக் கல்லறைக்கு வந்து நின்று அழுதான்.

மராமத்து இலாகாவில் வேலை பார்த்த காலத்தில் பேச்சிப்பாறை அணைப் பக்கம் கேம்ப். மழை பெய்தால் ஷட்டர் பக்கத்திலேயே படுப்பான். எப்படிக் கிடந்தாலும் சனிக்கிழமை வீட்டுக்கு வந்துவிடுவான். வந்ததும் உனக்க யூனிபார்மைத் தேய்க்கத்தான் உட்காருவான். உனக்க அம்மை தேய்த்தால் மடிப்பு கோணும் என்று ஒரு வீம்பு.

கல்லில் வெட்டுகிற பேரையும் தேதியையும் கொஞ்சம் நிறுத்தி வை. பிறகு சொல்கிறேன்.

உனக்க பெரியப்பா
யேசுரத்தினம் (கைநாட்டு)


புனே
10 ஜூலை 2024

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். யூனிபார்ம் விஷயம் வந்ததும், "எனக்குத் தேய்க்கத் தெரியாதுன்னு ஊருக்கே சொல்லியாச்சா" என்று கோபப்பட்டாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இங்கே நல்ல மழை. உங்களுக்கு அங்கே சளி, இருமல் ஏதும் இல்லையே?

கல்லில் ஏன் நிறுத்தி வைக்க வேண்டும்? கொத்தனார் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இன்னொன்று. உங்கள் ஆதார் அட்டையில் பிறந்த வருடம் 1944. சர்டிபிகேட்டில் அப்பா 1942. அப்படியானால் அப்பாதான் உங்களுக்கு அண்ணன், இத்தனை காலம் நாங்கள் உங்களைப் பெரியப்பா என்று கூப்பிட்டது தப்பு. அம்மா சிரிக்கிறாள். ஆதாரில் எதை வேண்டுமானாலும் போடுவார்கள் என்கிறாள். உங்களுக்குத் தெரிந்த தேதியைச் சொல்லுங்கள், அதையே வெட்டச் சொல்கிறேன்.

அன்பு மகள்
ஜெனிலா


திருவட்டாறு
28 ஜூலை 2024

மக்களே ஜெனிலாவுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு ஜெபிக்கிறேன். இதை நீ தனியாக இருந்து வாசி. சிவதாணுவுக்கும் இது இன்றைக்குத்தான் தெரியும்.

1942 மாசி மாதம் பிறந்தது நான். ஞானஸ்நானத்தில் இஸ்ரவேல் என்று பேர் இட்டது எனக்கு.

உனக்க தாத்தாவுக்கும் அந்தக் காலத்தில் சபையை நடத்தின உபதேசியாருக்கும் பிணக்கு. அறுப்பின் பண்டிகையில் இவர் காணிக்கை வைத்த நேந்திரங்குலையை உபதேசியார் கடைசியில் ஏலம் விட்டார், அதுவும் கூட்டம் கலைந்த பிறகு. அதோடு இவர் சபைக்குப் போகிறதை நிறுத்திவிட்டார். அந்த வருடங்களில்தான் உனக்க அப்பன் பிறந்தான், எனக்கு நாலு வயது இளையவன். சபைக்குப் போகாத வீட்டில் ஞானஸ்நானம் ஏது? வீட்டில் செல்லையன் என்று கூப்பிட்டோம்.

அவனை மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது ஞானஸ்நானச் சீட்டு கேட்டார்கள். உபதேசியாரிடம் போய் நிற்க உனக்க தாத்தாவுக்கு மனம் வரவில்லை. வீட்டில் எனக்க சீட்டு இருந்தது. எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, நான் அப்போதே தோட்டத்தில் ரப்பர்பால் சிரட்டை பெறக்கப் போய்க்கொண்டிருந்தேன். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். ஹெட்மாஸ்டர் சீட்டைப் பார்த்தார், இவனைப் பார்த்தார். ஒன்பது வயசா, வெயிலில் வைத்தீரா, நிழலில் வைத்தீரா, வளரவே இல்லையே என்றார். ஆனால் சேர்த்துவிட்டார்.

திரும்பி வரும் வழியில் உனக்க தாத்தா சொன்னார்.

"இனிமே இவன் இஸ்ரவேல். நீ எனக்க அப்பனுக்க பேருக்கு இரு."

நான் சரி என்றேன். எனக்குப் பேர் எதற்கு? என்னைக் கூப்பிடுகிறவன் எல்லாம் ஏலே என்றுதான் கூப்பிட்டான். புது உபதேசியார் வந்து இவரைச் சபைக்குக் கூட்டிப் போனபோது பெரியவன் யேசுரத்தினம், சின்னவன் இஸ்ரவேல் என்றே சொன்னார். அதுவே நிலைத்தது.

எனக்கு அது நோகவில்லை மக்களே. ஒருநாள் தோட்டத்துக்குள் உனக்க அப்பன் ஓடி வந்தான். பத்தாம் வகுப்பு ரிசல்ட்டைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். மூச்சு வாங்க நின்று, "இஸ்ரவேலண்ணே, நீ பாஸாயிட்டே" என்றான். அன்று தொடங்கி நாங்கள் ரெண்டு பேர் மட்டும் இருந்தால் அவன் என்னை அப்படித்தான் கூப்பிடுவான், நான் அவனைச் செல்லையா என்பேன். வேலை கிடைத்தபோதும், உனக்க அம்மையைக் கட்டினபோதும், நீ பிறந்தபோதும் எனக்க பேரைச் சொல்லித்தான் சேதி சொன்னான். உனக்க தலையில விழுந்த ஞானஸ்நானத் தண்ணியிலதான் நான் பிழைக்கேன் என்று அடிக்கடி சொல்வான்.

சர்க்கார் அவனை நாலு வருடம் முந்தியே வீட்டுக்கு அனுப்பியது, சீட்டில் உள்ளது எனக்க வயது அல்லவா. கழுத்தில் மாலையோடு நேரே எனக்க வீட்டுக்கு வந்தான். "அண்ணே, உனக்கு வயசாயிட்டுன்னு என்னைய அனுப்பிட்டாவ" என்று சிரித்தான். நீ அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாய். சும்மா இருக்க முடியுமா? அப்படித்தான் அவன் வாத்தியாரானது. அவனுக்கு அணைக்கட்டைவிட அந்தப் பிள்ளைகளைத்தான் பிடித்தது.

அவன் போனதிலிருந்து அந்தப் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட ஆள் இல்லை. உனக்க பெரியம்மை ஜெபகனியிடம்கூட நான் சொல்லவில்லை, கட்டின பெண்டாட்டியும் அது தெரியாமலே போய்ச் சேர்ந்தாள்.

நான் கேட்கிறது இதுதான். கல்லில் அவனுக்குச் செல்லையன் என்று வெட்டு. எனக்கும் ஒரு நாள் கல் வைப்பாய் அல்லவா, அதில் இஸ்ரவேல் என்று இருக்கட்டும். ஒரே கல்லறைத் தோட்டத்தில் அவனவன் பேரில் அவனவன் கிடக்கலாம் என்று ஒரு ஆசை.

உனக்க பெரியப்பா
(கைநாட்டு)

சிவதாணு எழுதுவது: எத்தனையோ பேருக்குப் பேர் மாற்றிப் பத்திரம் எழுதியிருக்கிறேன் அம்மா. கூடவே இருந்த இவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாதியில் பேனாவை வைத்துவிட்டு இவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.


புனே
12 ஆகஸ்ட் 2024

பெரியப்பாவுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதத்தைப் பேங்கில் வேலைக்கு நடுவே தனியாக உட்கார்ந்து வாசித்தேன். அம்மாவுக்கு வருகிற குடும்பப் பென்ஷன் அப்பாவின் அந்தப் பேரில், அந்தத் தேதியில் வருகிறது. வீட்டுப் பத்திரம், என் சர்டிபிகேட், எல்லாவற்றிலும் அதே பேர். கல்லில் வேறு பேர் இருந்தால் நாளைக்கு யாராவது பென்ஷன் ஆபீசுக்கு எழுதிப் போட மாட்டார்களா? ஊரில் பொறாமைக்காரர்கள் இல்லையா? அம்மாவுக்கு இது தெரியுமா என்று கேட்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

தயவுசெய்து யாரிடமும் சொல்ல வேண்டாம். போனிலும் வேண்டாம், அம்மா எப்போதும் என் பக்கத்தில்தான். நான் யோசித்து எழுதுகிறேன்.

ஜெனிலா


திருவட்டாறு
2 செப்டம்பர் 2024

மக்களே,

நான் சுகம். அம்மாவுக்கு எப்படி இருக்கிறது?

உனக்க கடிதத்தைச் சிவதாணு அவன் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தான். வெளியே கேட்கக்கூடாது என்று மெதுவாக வாசித்ததால் எனக்குப் பாதிதான் கேட்டது. மீதியை அவன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். நீ யோசித்தே எழுது, அவசரம் இல்லை. உங்கள் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் மேலே நிற்கிறது. பின்பக்கத்து மாவில் ஒரு கிளை ஒடிந்து ஓட்டின்மேல் விழுந்தது, ஆள் விட்டு எடுத்தாயிற்று, ஓட்டுக்குக் கேடில்லை.

உனக்க பெரியப்பா
(கைநாட்டு)


திருவட்டாறு
14 அக்டோபர் 2024

மக்களே ஜெனிலாவுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தங்கபாய்க்குச் சுகக்கேடு ஏதும் இல்லையே? இங்கே துலாமழை பிடித்துவிட்டது. தபால்காரர் புதிதாக வந்தவர், தூத்துக்குடிப் பக்கத்து ஆள். வழியில் மறித்துக் கேட்டேன். யேசுரத்தினம் பேரில் ஒன்றும் இல்லை என்று கை ஆட்டிக் காட்டிவிட்டு வண்டியை விட்டுவிட்டார்.

குறிப்பு எழுத உனக்கு உதவும் என்று இதைச் சொல்கிறேன். உனக்க அம்மைக்கு ஒரு தடவை மணிக்கட்டு ஒடிந்தது. அந்த மூன்று மாதமும் உனக்க அப்பன்தான் துணி துவைத்தான். ஆணுக்க மானம் போகுது, ராத்திரி துவைக்கப்பிடாதா என்று நான் கேட்டேன். பகல் வெயிலில்தானே அண்ணே காயும் என்றான். சேலையை மடித்துப் பிழிகிறதற்கு ஒரு முறை வைத்திருந்தான், அதிலும் ஏதோ கணக்கு. அந்தச் சேலைகளைக் கொடியில் கரை நேராகப் போடுவான். வழியில் போகிற பெண்ணுங்க நின்று பார்த்துச் சிரித்துக்கொண்டு போவார்கள். இவன் அவர்களுக்குக் கை காட்டுவான்.

சாயங்காலம் அவன் வந்து உட்காருகிற நாற்காலியை நான் உள்ளே எடுத்துப் போட்டுவிட்டேன். வெளியே கிடந்தால் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

பதில் போடு.

உனக்க பெரியப்பா
(கைநாட்டு)


திருவட்டாறு
10 நவம்பர் 2024

மக்களே ஜெனிலாவுக்கு,

எல்லாருக்கும் தேவன் நல்ல சுகம் தரட்டும்.

நான் ஒரு வார்த்தை கேட்டேன், நீ பேச்சையே நிறுத்திவிட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை. தங்கபாயின் சோற்றில் மண் விழுமோ என்று நீ பயப்படுகிறாய், அது நியாயம். அதை யோசிக்காமல் நான்தான் கேட்டுவிட்டேன்.

கல்லில் இஸ்ரவேல் என்றே வெட்டு. சீட்டில் உள்ள தேதியையே வெட்டு. எழுபது வருடத்துக்கு மேல் அவன் சுமந்த பேர் அது, அவன் அதைக் கெடுக்கவில்லை. எனக்கு யேசுரத்தினம் போதும். நான் சொன்னதை மறந்துவிடு. கடிதத்தை மட்டும் நிறுத்தாதே. இங்கே பேச யாரும் இல்லை மக்களே, பேசினாலும் எனக்குக் கேட்காது. தபால் வந்தால்தான் எனக்குப் பேச்சு.

உனக்க பெரியப்பா
(கைநாட்டு)


புனே
24 நவம்பர் 2024

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தின் கூடவே நான் செப்டம்பரில் எழுதிய இன்னொரு கடிதம் இருக்கிறது. முதலில் இதை வாசிக்கச் சொல்லுங்கள்.

நான் எழுதினேன் பெரியப்பா. செப்டம்பரில் ஒன்று, அதற்குப் பதில் இல்லாததால் அக்டோபரில் அதையே திரும்ப ஒன்று. கவரின்மேல் "இஸ்ரவேல்" என்று விலாசம் எழுதினேன். உங்கள் பேரில் உங்களுக்கு ஒரு தபாலாவது வர வேண்டும் என்று நினைத்தேன். நீங்கள் அதைப்பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. கடிதம் இல்லை என்று நீங்கள் எழுதியதைக்கூட, வழியில் தாமதம், இதற்குள் கிடைத்திருக்கும் என்றுதான் நினைத்தேன். பிறகு நீங்கள் நவம்பரில் எழுதியது வந்தது. நான் பேச்சை நிறுத்தியதாக நீங்கள் எழுதியதைப் பழைய வருத்தம் என்று விட்டுவிட்டு, கல்லைப் பற்றிய வரியை மட்டும் நான் கேட்டதற்குப் பதில் என்று எடுத்துக்கொண்டு, பெரியப்பா வேண்டாம் என்கிறார் என்று அன்றைக்கே கொத்தனாருக்குச் சொல்லிவிட்டேன். அவர் வெட்டி முடித்துவிட்டார்.

போன புதன்கிழமை என் இரண்டு கடிதங்களும் சேர்ந்து திரும்பி வந்தன. கவரில் "பெறுநர் இறந்துவிட்டார்" என்று எழுதியிருந்தது.

அம்மா நேற்றுக் குளியலறையில் வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். இடுப்பில் ஆபரேஷன் என்கிறார்கள். டிசம்பரில் எங்களால் வர முடியாது. நீங்கள்தான் முன்னால் நிற்க வேண்டும்.

உங்கள் மகள்
ஜெனிலா


புனே
15 செப்டம்பர் 2024

அன்புள்ள இஸ்ரவேல் பெரியப்பாவுக்கு,

சுகமா? போன கடிதத்தில் நான் ஒரு பேங்க்காரி மாதிரி எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு சரியாகத் தூங்கவில்லை.

கடைசியில் அம்மாவிடம் கேட்டேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கல்யாணமான புதிதிலேயே அப்பா சொல்லிவிட்டாராம். "அண்ணன் அவ்வொ பேரைத் திருப்பிக் கேட்டா நான் என்ன செய்ய முடியும், குடுக்கத்தான வேணும்" என்கிறாள். பென்ஷனை யோசித்து நான்தான் பயப்படுகிறேன், அவள் இல்லை.

கல்லில் மேலே பெரிதாக "செல்லையன்", கீழே சின்னதாக "பொறியாளர் இஸ்ரவேல் என அறியப்பட்டவர்" என்று போடலாமா? கேட்டால் வீட்டுப் பேர் என்று சொல்லிக்கொள்ளலாம். உங்களுக்குச் சம்மதமா? நீங்கள் சரி என்று எழுதினால் கொத்தனாரிடம் சொல்கிறேன். எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

அன்பு மகள்
ஜெனிலா


திருவட்டாறு
22 டிசம்பர் 2024

மக்களே ஜெனிலாவுக்கு,

தங்கபாய்க்கு ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று போதகரிடம் நீ போனில் சொன்னதை அவர் வந்து சைகையில் சொன்னார். ஸ்தோத்திரம். ஊன்றி நடக்க அவசரப்பட வேண்டாம் என்று சொல். நான் சுகம்.

ஆராதனை நடந்தது. பாலிடெக்னிக் பிள்ளைகள் ஒரு வேன் நிறைய வந்தார்கள், சிலருக்கு அதற்குள் தலை நரைத்துவிட்டது. நீ எழுதி அனுப்பிய குறிப்பைப் போதகர் வாசித்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இலை விஷயம் வந்தபோது அந்தப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள், அதனால் இப்போது அதைத்தான் வாசிக்கிறார் என்று தெரிந்தது. கல் நன்றாக இருக்கிறது. கறுப்புக் கல், மழை பட்டதும் மினுங்கியது.

நீ அதை மாற்றப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். மாற்றாதே. வைத்த கல்லைப் பெயர்த்தால் ஊர் ஏன் என்று கேட்கும். எனக்குக் கல் வைக்கிற நாளில் யேசுரத்தினம் என்றே வை. இது பிணங்கிச் சொல்வதில்லை. விலாசமும் பழையபடியே எழுது, அந்தத் தபால்காரர் பாவம். இஸ்ரவேல் எங்கே என்று நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் செத்தார் என்று எழுதியிருக்கிறார். கடிதத்துக்குள்ளே நீ எப்படியும் எழுதலாம்.

உனக்க ரெண்டு கடிதமும் ஒரே கவரில் வந்த நாளைச் சொல்கிறேன். சிவதாணு சாயாக்கடையில் வைத்துப் பிரித்தான். மேலே இருந்ததைக் கண்ணாலேயே வாசித்தான். என்னவாம் என்றேன். அடியில் இருந்ததைப் பிரித்தான், எனக்க காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்தான், அப்படியே நிறுத்திவிட்டான். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். எனக்குக் கேட்கிற மாதிரி வாசித்தால் அவர்களுக்கும் கேட்கும். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எனக்க கையைப் பிடித்து இழுத்தான். குடித்த சாயாவுக்குக் காசு கொடுக்கவும் மறந்துபோனான்.

ரப்பர் தோட்டத்துக்குள் கூட்டிப் போனான். மழையானதால் பால்வெட்டு இல்லை, ஒரு மனுஷர் இல்லை. அவனுக்கும் எண்பதாகப் போகிறது, சரிவில் ரெண்டு தடவை வழுக்கினான், நான் பிடித்தேன். ஒரு மரத்தடியில் நிறுத்தி, நாலு பக்கமும் பார்த்துவிட்டு, குடையை எனக்க கையில் தந்து, தாளை விரித்து எனக்க காதில் வாயை வைத்துக் கத்தினான்.

முதல் தடவை எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. மழைச் சத்தமும் இருந்தது. இன்னொரு தடவை என்றேன். அவன் மூச்சை இழுத்துக்கொண்டு கத்தினான். "இஸ்ரவேல்" என்று கேட்டது.

ஓ என்று பதில் சொன்னேன்.

மிச்சத்தை வாசிக்கட்டுமா என்று தாளைக் காட்டினான். கொஞ்சம் பொறு என்றேன்.

உனக்க பெரியப்பா